எழும்பாத பூட்டு

என் மைனி துப்பாக்கியின் பூட்டைப் போட மறந்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னவன் நான். அந்தப் பூட்டை எழும்பவிடாமல் செய்தவனும் நான்தான். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இப்போது எழுதியாயிற்று. இறங்கவில்லை.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் முதலில் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். எதையும் இரண்டாம் தடவை பார்க்கிறவர். அடுப்பை அணைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு வாசல்வரை போவார். திரும்பி வந்து சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். கன்றுக்குட்டியைக் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்ப்பார். விறகை ஒரு கம்பால் தட்டிவிட்டுத்தான் கையில் எடுப்பார். "எல்லாம் பாத்தாச்சு மைனி" என்று நான் சொன்னால், "பாத்தாச்சுங்கது வேற மக்கா, பாக்கது வேற. எழும்பிப் போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்க்கும்போது பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். நான் காலேஜில் படித்த காலத்தில் ஒருநாள் கிணற்றை மூடும் தட்டி திறந்து கிடந்தது. அதன் விளிம்பில் ஆட்டுக்குட்டி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு மைனி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆட்டுக்குட்டியைத்தான் திட்டினார். "ஏன் சனியனே, உனக்குக் காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

அண்ணன் அவரைச் சதா கேலி செய்வார். "நான் செத்தாலும் இவ ரெண்டு மட்டம் தொட்டுப் பாத்துட்டுத்தான் அழுவா" என்பார். மலைக்காய்ச்சலில் அண்ணன் போனபோது நான் பக்கத்தில் இருந்தேன். மைனி அவர் மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தார். எழுந்து அடுத்த அறைக்குப் போனார். திரும்பி வந்து மறுபடியும் கையை வைத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் அழுதார்.

கீரிப்பாறைக்கு மேலே எங்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் கிராம்பு, மீதிச் சரிவெல்லாம் மரச்சீனி என்கிற மரவள்ளி. அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் அந்த மரச்சீனிக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு தடவை இறங்கினால் போதும். உழுது போட்டதுபோல் ஆகிவிடும். தின்பது பாதி, கெடுப்பது பாதி. அண்ணன் இருந்தவரை அவர் சுட்டார். அவருக்குப் பிறகு மைனி சுட்டார்.

அது நல்ல போல்ட் ரைபிள். பக்கத்து எஸ்டேட் துரை, சுதந்திரம் கிடைத்த கையோடு கப்பல் ஏறப் புறப்பட்டபோது அண்ணனிடம் விற்றுவிட்டுப் போனது. லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற மைனி தாலுகா கச்சேரிக்குப் போனார். "அம்மாவுக்குச் சுடத் தெரியுமா?" என்று குமாஸ்தா சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு எழுதத் தெரியுமான்னு நான் கேட்டேனா?" என்றார் மைனி. லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

அந்தத் துப்பாக்கியின் பூட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் இரும்புத் தண்டுக்குப் போல்ட் என்று பெயர். அதன் பின்முனையில் சிறிய இறக்கை மாதிரி ஒரு துண்டு. அது இடப்பக்கம் படுத்திருந்தால் துப்பாக்கி வெடிக்கும். கட்டைவிரலால் தூக்கி, மேலே நிறுத்தி, வலப்பக்கம் சாய்த்துவிட்டால் விசையை எவ்வளவு இழுத்தாலும் வெடிக்காது. காட்டில் நடக்கும்போது மைனியின் கட்டைவிரல் அந்த இறக்கையை விட்டு அகலவே அகலாது. போட்டிருக்கிறதா என்று தடவிக்கொண்டே நடப்பார். குறி பார்த்த பிறகுதான் பூட்டை எடுப்பார். சுட மனமில்லையென்றால் உடனே போட்டுவிடுவார். சுடாமல் வந்த நாட்கள்தான் அதிகம். தங்கையன் என்று ஒரு காவல்காரர்; எப்போதும் மைனிக்கு முன்னால் வழி பார்த்து நடப்பவர். அவருக்கு இது பெரிய குறை.

"அம்மா, பன்னி கையெட்டுற தூரத்துல நின்னுச்சே. ஏன் விட்டீங்க?"

"அதுக்குப் பின்னால புதரு. உள்ள யாரு இருக்கான்னு தெரியாம எப்பிடிச் சுட?"

"உள்ள இருந்தது இன்னொரு பன்னிம்மா!"

"அப்போ ரெண்டும் கொடுத்து வச்சதுகோ. நடவே தங்கையா."

நாற்பத்தைந்து வயதில் மைனிக்குக் கண் மங்க ஆரம்பித்தது. துப்பாக்கி முனையில் இருக்கும் குறி இரண்டாகத் தெரிகிறது என்றார். மங்கலான வெளிச்சத்தில் நிற்பது பன்றியா, அவிழ்ந்துவந்த பசுவா என்ற சந்தேகத்தில் ஒரு பருவம் முழுக்க ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. சரிவில் பாதி போயிற்று. துரை விட்டுப்போன தோல் பெட்டிக்குள் ஒரு டெலஸ்கோப் இருந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அதைத் துப்பாக்கியின் முதுகில் உட்காரவைக்கத் திருகு அடிக்கிற எஃகுப் பட்டை ஒன்று வேண்டும். கடைக்காரர்கள் அதை ரெயில் என்பார்கள். அதை வாங்கி மாட்டி வரத் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டியிருந்தது. நான் நாகர்கோவிலில் காலேஜ் வாத்தியார். அதுவும் பௌதிகம். எனக்குத் தெரியாத டெலஸ்கோப்பா என்று எனக்கு நினைப்பு. மைனி துப்பாக்கியைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"என்ன ரெயில் வேணும்னாலும் வாங்கு. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. பூட்டு மட்டும் திரும்பணும், கேட்டியா?"

"கேட்டேன் மைனி."

"என்ன கேட்ட?"

"பூட்டு திரும்பணும்."

கடைக்காரர் இரண்டு ரெயில்களை மேசையில் வைத்தார். ஒன்று உயரம், பாலம் மாதிரி வளைந்தது. மற்றது தட்டையானது, துப்பாக்கியின் முதுகோடு ஒட்டிக் கிடப்பது. உயரமான ரெயிலில் டெலஸ்கோப்பை வைத்துக் காட்டினார். எருமை மேல் கொக்கு நிற்கிற மாதிரி இருந்தது. கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண் எட்டவில்லை. கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது. தட்டையானதில் வைத்தபோது துப்பாக்கியும் டெலஸ்கோப்பும் ஒன்றாகப் பிறந்தவை போல் இருந்தன. கன்னத்தை வைத்ததும் கண்முன்னே எதிர்க்கடைச் சுவரின் காரை விரிசல் தெரிந்தது.

"தாழ்ந்ததை வச்சா போல்ட்டுக் கைப்பிடி இடிக்கும், அதை நான் வளைச்சுத் தாரேன்" என்றார் அவர். "ஆனா பூட்டு எழும்பாது. டெலஸ்கோப்பு அடியில முட்டும். பக்கவாட்டுல திரும்புற பூட்டு ஒண்ணு பம்பாயிலிருந்து வரவழைக்கணும். மூணு மாசம் ஆகும். இப்பவே வேணும்னா உயரமானதை எடுத்துக்குங்க."

நான் அவருக்கு ஒரு சின்னப் பாடம் எடுத்தேன். குழலுக்கும் டெலஸ்கோப்புக்கும் இடைவெளி குறையக் குறையக் கிட்டத்துக் குறியில் பிழை குறையும் என்று விரலால் மேசையில் கோடு போட்டு விளக்கினேன். நான் சொன்னது சரிதான். ஆனால் தட்டையானதை நான் எடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. அந்த விடுமுறையில் காலேஜ் நண்பர்கள் இருவர் தோட்டத்துக்கு வருவதாக இருந்தார்கள். எருமை மேல் கொக்கை அவர்களிடம் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவுதான். பம்பாய்ப் பூட்டை வரவழைக்கச் சொல்லிவிட்டாவது வந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

மைனி துணியைப் பிரித்து முதலில் கட்டைவிரலைத்தான் கொண்டுபோனார். இறக்கை பாதி எழும்பி டெலஸ்கோப்பில் முட்டி நின்றது. மறுபடி தள்ளினார்.

"மக்கா, இது எழும்பலியே."

"இந்த மாதிரி மாட்டினா பூட்டு வேண்டாமாம் மைனி. கடைக்காரரே சொன்னாரு. இப்ப எல்லாரும் இப்படித்தான் வச்சிருக்காங்களாம்."

"அவரு சொன்னாரா? நெசமாட்டா?"

"நெசமாத்தான். படிச்சவன் நான் பொய்யா சொல்லுவேன்?"

மைனி என்னைப் பார்த்தார். அண்ணனுக்குப் பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர். ரப்பர் ஷீட்டைத் தலையில் சுமந்து வந்து லாரியில் ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். கயிற்றையும் சாம்பலையும் இரண்டு முறை பார்க்கிறவர், என் பேச்சை ஒரு முறைதான் கேட்டார்.

ஆனாலும் அவர் தன் வழியில் ஒரு காவல் வைத்துக்கொண்டார். குழலுக்குள் தோட்டா ஏற்றாமல் நடப்பார். பன்றியைக் கண்ட பிறகு போல்ட்டை இழுத்துத் தள்ளி ஏற்றுவார். அந்தச் சத்தம் அமைதியான காட்டில் சட்டி உடைந்ததுபோல் கேட்கும். பன்றி ஓடிவிடும். டெலஸ்கோப் வந்தும் ஒரு பன்றியும் விழவில்லை. என் நண்பர்கள் வந்து, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். கிழங்கு பறிபோனவர்கள் முற்றத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

"மைனி, பன்னிக்கு மணியடிச்சுச் சொல்லிட்டா சுடுவீங்க?" என்று கேட்டேன். "தோட்டாவை உள்ள போட்டுக்கிட்டு நடங்க. விசையில விரலை வைக்காம இருந்தா ஒண்ணும் ஆகாது."

"பூட்டு இல்லாம மனசு வரலே."

"விரலை வைக்காம இருக்கது உங்க கையிலதானே?"

தங்கையனும் அவர் பங்குக்கு, "சார் சொல்லுகது சரிதாம்மா" என்றார். அவருக்கு ரைபிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொன்னதை நம்பினார்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் பரவிய நேரம். நான் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பன்றி விழுந்துவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஓடைக்கல்லில் பாசி. குழலுக்குள் தோட்டாவோடு நடந்த மைனி வழுக்கி விழுந்தபோது ஒரு காட்டுக்குச்சி விசை வளையத்துக்குள் நுழைந்து இழுத்துவிட்டது. முன்னால் போன தங்கையனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு சிதறிவிட்டது. மைனி சேலையைக் கிழித்துக் கட்டினார். ஆட்கள் தூக்க, ரப்பர் லாரியில் தங்கையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். துப்பாக்கி ஓடைக்கரையில் கிடந்தது. எடுத்துவரப் போனவன் நான்.

நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கதவைச் சாத்தினேன். டெலஸ்கோப்பைக் கழற்றினேன். ரெயிலின் திருகுகளைக் கழற்றினேன். துளைகளை அடைக்கக் கடைக்காரர் தந்திருந்த குட்டைத் திருகுகளை மாட்டினேன். இறக்கையைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தேன். எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தது. எனக்குக் காலேஜில் வேலை நிரந்தரமாக இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஒரு மனிதனின் கால் போவதற்குக் காரணமானவன் என்று பெயர் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. தங்கையன் பிழைப்பாரா என்றுகூட நினைக்கவில்லை.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். துப்பாக்கியை வாங்கி, பூட்டை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"பூட்டு நல்லாத்தானே இருக்கு. சாருக்கு என்ன தோணுது?"

"போட மறந்திருப்பாங்க" என்றேன்.

மைனி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றிருந்தார். சேலையில் தங்கையனின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. துப்பாக்கியின் மொட்டை முதுகைப் பார்த்தார். அவசரமில்லாத பார்வை. பிறகு என்னைப் பார்த்தார். நான் இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா. நான்தான் மறந்துட்டேன்" என்றார்.

தங்கையனின் காலை எடுத்துவிட்டார்கள். கோர்ட்டில் மைனிக்கு அபராதம் விதித்தார்கள். துப்பாக்கியும் லைசென்ஸும் போயின. காவலில்லாத சரிவில் அடுத்த பருவம் மரச்சீனி நடவில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு எஸ்டேட்டுக்குப் போயின. மைனி தங்கையன் வீட்டுக்குச் சோற்றுப்பானை கொடுத்தனுப்புவார். தங்கையன் மனைவி அதைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவாள். "அஜாக்கிரதைக்காரி வீட்டுச் சோறு எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லியனுப்பினாளாம். அஜாக்கிரதைக்காரி! அந்தப் பெயர் மலையிறங்கி, எங்கள் சொந்தக்காரர்கள் இருந்த சுசீந்திரம் வரைக்கும் வந்துவிட்டது. உறவில் யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் மைனியின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மைனி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிராம்பு காய்ந்ததும் எனக்கென்று ஒரு பொட்டலம் வரும். போனால், "மெலிஞ்சு போயிட்டியே, ஓட்டல்ல என்னத்தத் தின்னுக?" என்பார். அந்தப் பரிவைத் தாங்கமுடியாமல் நான் போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை நிரந்தரமாயிற்று.

எங்கள் பகுதி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், சுசீந்திரத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் மத்தியானம் பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் மண்ணெண்ணெய் கசிவதை மைனி கண்டுபிடித்து, மூடியை இறுக்கக் குனிந்தார்.

"ஏட்டி, அதை வச்சிரு!" என்று சித்தப்பா கத்தினார். "உன் கை பட்டா விளக்கும் வெடிக்கும்!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. மைனி விளக்கை வைத்துவிட்டு, எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பின்வாங்கினார். கூட இருந்த ஒரு சின்னப்பிள்ளையும் சிரித்தது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரெயில், கடைக்காரர், பொய், குட்டைத் திருகுகள், எல்லாம்.

பிறகு சித்தப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து என் முதுகில் தட்டினார்.

"பாத்தியளா? மைனி மேல இவனுக்குள்ள பாசத்தப் பாருங்கவே! பழியத் தூக்கித் தன் தலையில போடுகான்."

"சத்தியமா சித்தப்பா, நான்தான்..."

"சரி மக்கா, சரி. படிச்ச பிள்ளைன்னா இப்பிடி இருக்கணும்."

நான் சத்தியம் செய்யச் செய்ய என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைய பந்தியில் எனக்குத்தான் முதல் இலை. மைனியின் பெயரில் ஒட்டிய கரி ஒரு துளியும் போகவில்லை.

சாப்பிட முடியாமல் எழுந்து மைனியைத் தேடினேன். கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு அங்க போய்ச் சொன்ன?" என்றார் நிமிராமலே.

"உங்களுக்காகத்தான் மைனி."

"எனக்காகவா? இத்தன வருஷமும் ஒருநாளு நீ எங்கிட்ட வந்து சொல்லுவன்னு இருந்தேன். கதவைத் தெறந்து வச்சிட்டு இருந்தேன்னு வையேன். நீ எங்கிட்டச் சொல்லலே. பந்தலுக்குச் சொன்ன." சட்டியைக் கவிழ்த்தார். "நீ சொன்னது தப்பு, அதை நம்பி நான் கேட்டதும் தப்பு. எனக்கு நீ ஒண்ணும் தரவேண்டாம். காலு போனது தங்கையனுக்கு. அவன்கிட்டப் போய்ச் சொன்னியா?"

சொல்லவில்லை. கால் போனவனிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாம் புது ஆட்கள். "முடிஞ்ச கேசு சார், அதுவும் பழைய கவர்மெண்டுக் கேசு. போய்ப் பிள்ளைகளுக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு கீரிப்பாறைக்குப் போனேன். தங்கையன் சாலையோரம் ஒரு முறுக்கான் கடை வைத்திருந்தார். ஊன்றுகோல் வெற்றிலைத் தட்டின்மேல் சாய்த்து வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழும்பப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் பாக்கு வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அம்மாவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அன்னைக்கே."

பாக்குவெட்டி நின்றது. அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சோற்றுப்பானையைத் திருப்பி அனுப்பியவள் அவள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

தங்கையன் ஊன்றுகோலை எடுத்தார். நான் கை கொடுக்கப் போனேன்.

"தொடாதேயும்" என்றார். "சாரே, நீரு என் காலை எடுத்தீரு, அது போட்டும். ஒரு நல்ல மனுஷிய இத்தன வருஷம் என் வாயால வைய வச்சீரே."

அந்த ஏற்றத்தில் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி, அவரும் மனைவியுமாக மைனி வீட்டுக்குப் போனார்கள். நான் சாலையிலேயே நின்றேன். வீட்டுக்குள் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பொங்கல் கழிந்து நான் மைனி வீட்டுக்குப் போனபோது அடுக்களையில் தங்கையன் மனைவியின் குரல் கேட்டது. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டு மைனி வெளியே வந்தார்.

"வாங்க" என்றார். "உக்காருங்க."

எனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். முற்றத்தில் யாருமில்லை.

அதற்குப் பிறகும் மைனி நிறைய வருஷம் இருந்தார். என் கல்யாணத்துக்கு வந்தார். என் பிள்ளைகளை மடியில் போட்டு மக்கா, மக்கா என்று கொஞ்சினார். என்னிடம் ஒருநாளும் முகம் கோணியதில்லை, ஒரு குறை வைத்ததில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கையனின் பிள்ளைகள்தான் மாறி மாறிக் கூட இருந்தார்கள். நான் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.